கறை உள்ள பக்கங்கள்

வர்க்லா
ரமலான் பிறை 9

மதிப்பிற்குரிய முனைவர் நஸீம் அவர்களுக்கு,

உங்கள் உடலும் மனமும் சுகமாயிருக்க இறைவன் அருளட்டும். இங்கே எல்லோரும் நலம். பாலைவனத்து வெயில் இன்னும் ஏறவில்லை. நோன்பு சிரமமில்லாமல் போகிறது. உங்கள் அம்மாவை வெள்ளிக்கிழமை பார்த்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம். ஜெர்மனியிலிருந்து நீங்கள் அனுப்பிய கம்பளிச் சால்வையைத் தெரு முழுக்கக் காட்டியாகிவிட்டது. போர்த்திக்கொள்ளத்தான் குளிர் வரவில்லை.

நான்கு வருடம் பக்கத்து மேசையிலிருந்து 'ஏய்' என்று கூப்பிட்ட ஒருவருக்கு 'அவர்களுக்கு' என்று எழுதுவது எனக்கே விநோதமாக இருக்கிறது. ஆனாலும் இன்று 'நீ' என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் மின்னஞ்சல் வந்து ஆறு நாள் ஆகிறது. நெறியாளர் மேடத்துக்கும் நகல் போட்டிருந்தீர்கள். இந்தக் கடிதத்துக்கு நகல் இல்லை. அதனால்தான் காகிதம்.

நீங்கள் எழுதியதை மனப்பாடமாகச் சொல்வேன். என் செய்முறையை வரிக்கு வரி பின்பற்றினீர்கள். பதினெட்டு முறை. என் கட்டுரையில் உள்ளதுபோல் கண்ணாடிமேல் பளபளக்கும் படலம் ஒருமுறைகூட வரவில்லை. நன்றாக வந்தவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து எழுதினேனா என்று கேட்டிருந்தீர்கள். அப்படியானால் பிறர் கேட்பதற்கு முன் கட்டுரையை நானே திரும்பப் பெறுவது நல்லது என்றும். எல்லாம் ஆங்கிலத்தில். மிக மரியாதையாக. கோபப்படக்கூட அதில் ஓர் இடம் இல்லை.

உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எனக்கு நானே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஒரு துளிக் கரைசல். வேகமாகச் சுழலும் கண்ணாடித் துண்டு. பிறகு சூட்டுத்தட்டில் நூறு டிகிரி, பத்து நிமிடம். மஞ்சளாய் இருந்தது கறுக்கும். நன்றாக வந்தால் அதில் முகம் பார்க்கலாம். சரியாக வராவிட்டால் மங்கல், அடுப்புக்கரி பூசியதுபோல. முகம் தெரிவதை வைத்துச் செய்த சூரிய மின்கலம் விழுந்த வெயிலில் நூற்றுக்குப் பத்தொன்பது பங்கை மின்சாரமாகத் தந்தது. மங்கல் பதினொன்றுகூடத் தராது.

உங்களிடம் வெளிக்காற்று புகாமல் கையுறை வழியே கைவிட்டு வேலை செய்யும், நைட்ரஜன் நிரப்பிய பெட்டிகள் நான்கு இருக்கின்றன. நம்மிடம் இருந்தது ஒன்று. நீங்கள் இருந்தபோதே அது ஓட்டை. வேறு வழியில்லாமல்தான் திறந்த காற்றில் செய்யத் தொடங்கினோம். இல்லாமையிலிருந்து வந்த முறை அது. கட்டுரையின் பெருமையும் அதுதான்: பெட்டி வேண்டாம், கோடிகள் வேண்டாம், சும்மா ஓர் அறை போதும்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டிருக்கலாம். விட முடியவில்லை.

முதல் நோன்பு நாளிலிருந்து இங்கேயும் வரவில்லை. அதே கை, அதே கரைசல், அதே அறை. ஒன்பது நாளில் இருபத்தேழு படலங்கள். எல்லாம் மங்கல்.

மேலும் ஒன்று. கட்டுரையின் மதிப்பீட்டாளர் ஒருவர் புதிதாகப் பத்து மின்கலங்கள் கேட்டிருக்கிறார். ஏப்ரல் இருபதுக்குள் அல்ஜியர்ஸில் உள்ள அளவீட்டு ஆய்வகத்தில் ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லையென்றால் என் முனைவர் பட்டம் இல்லை. அதைவிட, 'வர்க்லாவில் ஒருத்தி இருந்தாள், எண்களை இட்டுக்கட்டினாள்' என்ற ஒரு வரி உலகத்தில் எங்கோ இருந்துகொண்டே இருக்கும்.

லக்தர் சாச்சா உங்களை விசாரித்தார். இப்போதும் உங்கள் பெயரைச் சொல்வதில்லை. 'மூணு சுத்து டீயில ரெண்டாவது சுத்தோட எந்திரிச்சுப் போன பய' என்றுதான் சொல்கிறார். ஆய்வகத்துக் கருவிகளையெல்லாம் முப்பது வருடமாக உயிரோடு வைத்திருப்பவர், ரமலான் வந்தால் மட்டும் தானே பழுதாகிவிடுகிறார். அவருடைய டீ அடுப்பில் துணி போர்த்தியிருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு என் படலங்களை எட்டிப் பார்க்கிறார். நேற்று சொன்னார், "என்னம்மா, இதுக்கும் நோன்பா? மூஞ்சிய இப்படித் தொங்கப்போட்டுக்கிட்டுக் கெடக்குது."

சிரித்தேன். சிரித்துவிட்டு வெளியே போய்ச் சற்று நேரம் நின்றேன்.

உங்கள் நோன்பையும் எங்கள் நோன்பையும் இறைவன் ஏற்றுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஸக்கியா

*

வர்க்லா
ரமலான் பிறை 22

முனைவர் நஸீம் அவர்களுக்கு,

சலாம். சுருக்கமாக எழுதுகிறேன்.

கரைசல் கெட்டுவிட்டதோ என்று வேதியியல் துறையில் பழைய புட்டி ஒன்றைக் கெஞ்சி வாங்கினேன். மங்கல். மணற்காற்று காரணமோ என்று காற்று இல்லாத நாட்களில் மட்டும் செய்தேன். மங்கல். புதுக் கண்ணாடி. மங்கல். பழைய கண்ணாடி. அதுவும் மங்கல்.

பிறகு என் கையைச் சந்தேகித்தேன். தண்ணீர் இல்லாத உடம்பு. மாலையில் விரல் லேசாக நடுங்குகிறது. இடையில், பெண்களுக்கு நோன்பு விலக்கு உள்ள அந்த ஐந்து நாட்கள் வந்தன. உங்களுக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது தரவு. அந்த ஐந்து நாளும் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கை கல்லைப்போல நின்றது. பதினைந்து படலங்கள்.

மங்கல்.

ஆக, என் கை இல்லை. அதை மட்டும் நிரூபித்துவிட்டேன்.

திங்கட்கிழமை மேடம் ஃபத்தீஹா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். என் நெறியாளராக இத்தனை வருடத்தில் அவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

"ஸக்கியா, ஒரு தடவதான் கேப்பேன். பொய் எழுதுனியா?"

"இல்ல மேடம்."

"சரி. அப்ப அந்தப் படலம் நெஜமாவே வந்திருக்கு. வந்தது ஏதோ ஒண்ணாலதான் வந்திருக்கு. அது இந்தக் கட்டடத்துக்குள்ளதான் எங்கயோ ஒளிஞ்சிருக்கு. தேடு. கெடைக்கலேன்னா கட்டுரைய நானே திரும்ப வாங்கிக்கறேன். என் பேர்ல. உன் பேர்ல இல்ல."

நீங்கள் கேட்ட அதே கேள்விதான். ஆனால் அவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். சொன்ன பதிலை நம்பினார்.

இதை வருத்தப்பட வைக்க எழுதவில்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். நீங்கள் பக்கத்து மேசையில் இருந்திருந்தால் இந்நேரம் பத்துக் காரணம் சொல்லியிருப்பீர்கள். ஒன்பது தவறாக இருந்திருக்கும்.

பெருநாளுக்குப் பிறகு மூன்று வாரம் மட்டுமே மீதி.

துஆவில் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸக்கியா

*

வர்க்லா
ஷவ்வால் பிறை 9

நஸீமுக்கு,

பெருநாள் வாழ்த்துகள், தாமதமாக. உன் அம்மா எனக்கு மக்ரூத் பலகாரம் கொடுத்துவிட்டார்; தேன் சொட்டச் சொட்ட. உன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்கிற கடிதம் இல்லை இது.

பெருநாள் விடுமுறை முடிந்து ஆய்வகம் திறந்த முதல் நாள். லக்தர் சாச்சா புதுச் சட்டை, புதுத் தொப்பி. அடுப்பின் துணியை ஒரு சடங்குபோல உருவினார். பித்தளைத் தட்டு, சின்னச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகள், நீல நிறக் கெட்டில். புதினா. "ஒரு மாசமா இவ பட்டினி" என்று கெட்டிலைத் தட்டினார்.

எனக்கு டீயில் நாட்டமில்லை. கடைசிப் புட்டியிலிருந்து மூன்று படலம் செய்தால் கரைசல் தீர்ந்துவிடும். செய்தேன். முதல் சுற்று டீ வந்தபோது முதல் கண்ணாடி சூட்டுத்தட்டில் இருந்தது. மங்கல். இரண்டாம் சுற்று. மங்கல்தான், ஆனால் ஓரத்தில் ஒரு மினுக்கம். மூன்றாவது கண்ணாடியை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். பார்க்க மனமில்லை.

சாச்சாதான் பார்த்தார். மூன்றாம் சுற்றை ஊற்றிக்கொண்டு வந்தவர் கோப்பையை என் குறிப்பேட்டின் மேல் வைத்துவிட்டு, குனிந்து, தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

சூட்டுத்தட்டில் ஒரு கண்ணாடி. அதில் அவர் முகம்.

நான் கத்தவில்லை. கத்துவேன் என்றுதான் நினைத்திருந்தேன். கோப்பையைத் தூக்கினேன், தேதி எழுதுவதற்காக. பக்கத்தில் பழுப்பாக ஒரு வட்டம்.

அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குறிப்பேட்டைப் பின்னால் புரட்டினேன். ரமலான் பக்கங்கள்: சுத்தம். ஒரு பொட்டுக் கறை இல்லை. அதற்கு முன்னால் பிப்ரவரி: வட்டம், வட்டம், பாதி வட்டம். ஜனவரி: வட்டம். கட்டுரையில் போட்ட அந்தப் படலம், நவம்பர் பதினான்கு: இரண்டு வட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்று, 'படலம் எண் 3' என்ற வரியின் தலையில்.

கறை உள்ள பக்கங்களில் எல்லாம் படலம் நன்றாக வந்திருக்கிறது. என் சுத்தமான பக்கங்கள்தான் மங்கல்.

ஒரு மாதமாக மாறாதவற்றுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். மாறியது ஒன்றே ஒன்று. அதை யாரும் மாற்றவில்லை, நோன்பு வந்தது, அவ்வளவுதான். பகலில் டீ இல்லை. டீ இல்லாததால் ஆவி இல்லை.

படலமும் டீயும் ஒன்றாகத் தயாராகும் நம் உள்ளறையை நினைத்துப் பார். மணல் வரக்கூடாது என்று சன்னலைப் பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது நீதான். கெட்டில் முக்கால் மணி நேரம் கொதிக்கிறது. ஆவி எங்கே போகும்? அங்கேயே சுற்றும். ஈரம் எதிரி என்று எல்லாப் புத்தகத்திலும் படித்தோம். செய்து முடித்த படலத்துக்கு எதிரிதான். ஆனால் சூட்டில் அது உருவாகிற அந்தப் பத்து நிமிடம், கொஞ்சம் ஈரம் இருந்தால் சின்னப் படிகங்களின் விளிம்பு இளகுகிறது. இளகியவை பக்கத்திலிருப்பதோடு சேர்கின்றன. பெரிதாகின்றன. வறண்ட காற்றில் சேர்வதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக இறுகிப்போகிறது.

அது நோன்புதான் இருந்தது, நஸீம். சாச்சா சொன்னது கேலி இல்லை, முடிவு அறிக்கை.

நம்பிவிடவில்லை. பயப்படாதே. வேதியியல் துறையிலிருந்து மறுபடியும் கரைசல் வாங்கினேன். என் அண்ணன் மசூத் வேலை பார்க்கும் பேரீச்சம்பழக் கிடங்கில் ஈரமானி இருக்கிறதல்லவா, அதைக் கேட்டேன். "பழத்துக்கு வெச்சிருக்கறத உன் கண்ணாடிக்குக் குடுத்தா மொதலாளி என்னைய உலர வெச்சுருவாரு" என்றான். கொடுத்தான். அடுப்பு அணைந்திருக்கும்போது காற்றில் ஈரம் நூற்றுக்குப் பதினான்கு. முதல் சுற்றில் பத்தொன்பது. இரண்டாம் சுற்றில் முப்பத்தொன்று. மூன்றாம் சுற்றில் நாற்பத்திரண்டு.

பிறகு சாச்சாவிடம் டீயை மூன்று நாள் நடைவழியில் காய்ச்சச் சொன்னேன். மங்கல். மறுபடி உள்ளே. முகம் தெரிந்தது. இலையும் புதினாவும் போடாமல் வெறும் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னபோதுதான் சண்டை வந்தது. "எலை இல்லாம கொதிக்க வெச்சா அதுக்குப் பேரு டீ இல்லம்மா, தண்டனை." வைத்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. வெறும் தண்ணீரிலும் வந்தது.

ஆறு நாளில் இருபத்துநான்கு படலங்கள். எப்போது மங்கலாக வரும், எப்போது வராது என்று முன்கூட்டியே சொல்கிறேன். இருபத்துநான்கும் சொன்னபடி.

இப்போது உன் பதினெட்டு. நீ தவறு செய்யவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. திறந்த காற்றிலேயே வருவது பெட்டிக்குள் இன்னும் நன்றாக வரும் என்று யாரும் நினைப்பார்கள்; ஆனால் நைட்ரஜன் பெட்டிக்குள் ஈரம் பூஜ்யம், நிரந்தர ரமலான். என் செய்முறையில் வரிக்கு வரி எல்லாம் எழுதினேன், டீயை எழுதவில்லை. இந்த ஊரில் யார் எழுதுவார்கள்? நாம் மூச்சு விட்டதையும் எழுதவில்லை.

கடைசியாக ஒன்று. அந்த அடுப்பு முன்பெல்லாம் நடைவழியில்தான் இருந்தது. டீன் திட்டினார் என்று சாச்சாவோடு சேர்ந்து அதை உள்ளறைக்குத் தூக்கி வந்தவன் யார் என்று உனக்கு நினைவிருக்கும். கையைச் சுட்டுக்கொண்டு இரண்டு நாள் என்னைக் குறிப்பெழுத வைத்தாய்.

ஒரு வேண்டுகோள். பெட்டியை மூடிவிட்டு வெளியே வா. ஒரு சின்ன அறை பார். தண்ணீர் கொதிக்க வை. நாற்பதைத் தொடும்வரை காத்திரு.

பத்து மின்கலங்களையும் நாளைக்குத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
ஸக்கியா

*

வர்க்லா
ஜூன் 11

நஸீம்,

நலமாயிரு. நாங்கள் நலமோ நலம். நிழலில் நாற்பத்தைந்து டிகிரி, ஆய்வகத்தின் குளிர்பதனி போன வாரமே உயிரை விட்டது, இருந்தும் நலம்.

செய்தி உன்னிடம் வந்திருக்கும். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும்.

பத்து மின்கலங்களையும் கண்ணாடி வைத்து மூடி, மசூத் கொடுத்த பேரீச்சம்பழப் பெட்டியில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு அல்ஜியர்ஸுக்கு விமானத்தில் போனேன். ஏப்ரல் பதினெட்டு. விமான நிலையப் பரிசோதனை மேசையில் இருந்தவர் பெட்டியைத் திறந்து பார்த்து ஏமாந்துபோனார். "பழம் இல்லியா? என்னதும்மா இது?" வெயிலில் மின்சாரம் எடுக்கிற கண்ணாடி என்றேன். "வர்க்லாக்காரங்க வெயில விட்டா வேற எதக் கொண்டுவருவீங்க, போங்க போங்க."

பத்தில் மிகக் குறைந்தது பதினெட்டே முக்கால். மிக உயர்ந்தது பத்தொன்பதரைக்கு மேல். பொறுக்கியெடுத்தது இல்லை, செய்ததே பத்துதான்.

கட்டுரை ஏற்கப்பட்டது. மதிப்பீட்டாளர் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்: ஈரப்பதம் பற்றிய புதிய பகுதி, முதலில் சொன்ன முடிவைவிட முக்கியமானது. மேடம் அந்த வரியை அச்செடுத்துத் தன் கதவில் ஒட்டியிருக்கிறார். கதவு இப்போது சாத்தப்படுவதே இல்லை, எல்லோரும் படிக்க வேண்டுமாம்.

ஒரு சண்டை மட்டும் தீரவில்லை. செய்முறையில் 'டீ' என்று எழுத மேடம் விடவில்லை. 'கொதிக்கும் நீரால் ஈரப்பதம் நாற்பது விழுக்காட்டில் நிறுத்தப்பட்டது' என்றுதான் அச்சாகிறது. சாச்சாவுக்குப் படித்துக் காட்டினேன். "தண்ணியா? முப்பது வருஷமா நான் தண்ணியவா காய்ச்சிக்கிட்டிருந்தேன்?" இரண்டு நாள் எனக்கு மட்டும் சர்க்கரை போடாத டீ. பிறகு நன்றியுரைப் பகுதியில் அவர் பெயர் இருப்பதைக் காட்டினேன். எழுத்தைக் கூட்டி நிதானமாகப் படித்தார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வருகிற டீயில் கரண்டி நட்டு வைத்தால் நிற்கும், அவ்வளவு சர்க்கரை.

உன் படம் வந்தது.

ஒரு வார்த்தைகூட எழுதாமல் அனுப்பியிருந்தாய். கறுப்பான கண்ணாடித் துண்டு. அதில் உன் தாடி, உன் கைப்பேசி, பின்னால் ஒரு மின்சாரக் கெட்டில். அதை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். இளைத்திருக்கிறாய். தாடி உனக்குப் பொருந்தவில்லை. படலம் அருமை.

மறுநாள் உன் மின்னஞ்சல். மேடத்துக்கும் நகல், உன் ஆய்வகத்தார் எல்லோருக்கும் நகல். நீ கேட்ட மன்னிப்பு மட்டும் நம் மொழியில், எனக்காக. அவர்களுக்கு ஓர் எழுத்தும் புரிந்திருக்காது. அது உனக்குத் தெரியும். அதனால்தான் அப்படி எழுதினாய் என்று எனக்கும் தெரியும்.

ரமலானில் உன்மீது எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்பதற்குக் குறிப்பேட்டில் சான்று இருக்கிறது. ஒரு பக்கத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. அந்தப் பக்கத்தையும் கிழித்துப் போடவில்லை. தரவு.

இனி விஷயம். என் வாய்மொழித் தேர்வு ஜூலை மூன்று, வியாழன், காலை பத்து மணி, பழைய அரங்கம். உன் அம்மா இப்போதே பக்லாவா இனிப்புக்குப் பாதாம் உடைக்கத் தொடங்கிவிட்டார். என் அம்மாவோடு சேர்ந்து. இரண்டு பேரும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசுகிறார்கள். நான் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீ வர வேண்டும். முதல் வரிசையில் உட்கார வேண்டும். கூட்டத்தைப் பார்த்து மேடம் 'யாருக்காவது கேள்வி உண்டா' என்று கேட்கும்போது நீ எழுந்து, எல்லோர் முன்னாலும், இருப்பதிலேயே கடினமான கேள்வியைக் கேட்க வேண்டும். என்னிடம் பதில் இருக்கிறது.

பிறகு உள்ளறைக்கு வா. நீ ஜெர்மனி புறப்பட்ட அன்று வெளியே கார் ஹாரன் அடித்தது. இரண்டாம் சுற்றோடு எழுந்துவிட்டாய். சாச்சா இன்னும் மன்னிக்கவில்லை. அன்று மூன்றாவதை ஊற்றி உன் மேசையில் வைத்தார். ஆறியது. நான்தான் கழுவி வைத்தேன்.

இந்த முறை கார் வந்தால் நிற்கட்டும். முதல் இரண்டு சுற்றில் ஒன்றும் சேர்வதில்லை, நஸீம். அளந்து பார்த்திருக்கிறேன். மூன்றாவது வரை இரு.

உன் பாதையை இறைவன் சுருக்கித் தரட்டும்.

ஸக்கியா